விருந்தும் மருந்தும் மூன்று நாளா?

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் முன்னோர் சொல். சளிக்கும் காய்ச்சலுக்கும் அது பொருந்தலாம். ஆனால், மனநோய்க்குத் தரப்படும் மாத்திரை விஷயத்தில் இந்தப் பழமொழியை நம்பித் தடுமாறிய குடும்பங்கள் எத்தனையோ உண்டு.

தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். உறக்கமின்றி, வேலைக்கும் போகாமல், தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்த ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்கள். மாத்திரை தரப்படுகிறது. மூன்று மாதத்தில் தெளிந்துவிடுகிறார். பழையபடி மலைக்கு வேலைக்குப் போகிறார். "நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று வீட்டில் ஒருவர் கேட்கிறார். மறுநாளே மாத்திரைப் பொட்டலம் அலமாரியின் மூலைக்குப் போகிறது. சில வாரங்களில் உறக்கம் போகிறது, நோய் திரும்புகிறது. "மருந்து பிடிக்கவில்லை" என்கிறார் ஒருவர். "செய்வினை" என்கிறார் மற்றொருவர். மருந்தை நிறுத்திய விதத்தை மட்டும் யாரும் பேசுவதில்லை.

அடுத்த வீட்டில் கதை வேறு. பதினைந்து ஆண்டுகளாக அதே மாத்திரை, அதே அளவு. கை நடுங்குகிறது. உடல் பருத்துவிட்டது. பகலெல்லாம் மயக்கம். "இவருக்கு இன்னும் இவ்வளவு தேவையா?" என்று கேட்க அங்கு ஆளில்லை.

இரண்டு வீட்டிலும் எழ வேண்டிய கேள்வி ஒன்றே. மனநல மருந்தைக் குறைக்கலாமா? குறைத்தால் எப்போது, எப்படி, எவ்வளவு மெதுவாக? மருத்துவ உலகமே இந்தக் கேள்வியை நேருக்கு நேர் பார்க்க அறுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த வரலாறு தெரிந்தால், பழமொழிக்கும் பயப்படத் தேவையில்லை. மாத்திரைக்கும் பயப்படத் தேவையில்லை.

மலையிலிருந்து தஞ்சோங் ரம்புத்தானுக்கு

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலையைக் கண்டு குறித்தது 1885-இல். இங்கே 'போ' தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது 1929-இல். காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளில் தமிழர் கைகள் ஏராளம். அவர்கள் மலையேறி வருவதற்கு முன்பே, கீழே பேராக் மாநிலத்தில் ஒரு பெரிய மனநல விடுதி வந்துவிட்டது. 1911-இல் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் விடுதிதான் அது.

தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. அங்கிருந்து ஈப்போ. அதற்கும் அப்பால் தஞ்சோங் ரம்புத்தான். தோட்டங்களிலிருந்தும் ஈய லம்பங்களிலிருந்தும் அங்கே கொண்டு போகப்பட்டவர்களில் பலருக்கு அது ஒருவழிப் பயணம். அந்த ஊரின் பெயரையே கேலிச் சொல்லாக்கி, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று பேசும் வழக்கம் இன்னும் நம்மிடையே ஓயவில்லை.

அன்று அங்கே நோயைத் தணிக்கும் மருந்து எதுவும் இல்லை. தூங்க வைக்கும் மருந்து உண்டு, பூட்டு உண்டு, தோட்ட வேலை உண்டு. உலகெங்கும் அதே நிலைதான்.

மாத்திரை வந்த காலம்

மாற்றத்தின் முதல் குரல் நம் பக்கத்திலிருந்தே எழுந்தது. 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆயுர்வேதம் நெடுங்காலமாக அறிந்திருந்த சர்ப்பகந்தா வேர், உயர் இரத்த அழுத்தத்தையும் மனக் கொந்தளிப்பையும் தணிக்கிறது என்பதே அதன் செய்தி. உலகம் உடனே காது கொடுக்கவில்லை. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. 1954-இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் என்ற மருத்துவர் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் உண்டு என்று எழுதினார்.

அதே 1952-இல் பாரிஸ் நகரின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தைப் பயன்படுத்தினார்கள். 'லார்காக்டில்' என்ற பெயரில் முதியோர் பலர் அறிந்த மாத்திரை இதுதான். ஆண்டுக்கணக்கில் கூச்சலிட்டவர்கள் அமைதியாகப் பேசத் தொடங்கினர். அதற்கு முன்பே, 1949-இல், ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்பவர் லித்தியம் உப்பு மனவெழுச்சி நோயைக் கட்டுப்படுத்துவதைக் கண்டிருந்தார். 1957-ஐ ஒட்டி மனச்சோர்வுக்கு இமிப்ரமின் வந்தது. 1960-இல் பதற்றத்துக்கு லிப்ரியம், 1963-இல் வேலியம்.

பதினைந்தே ஆண்டுகளில் மனநல மருத்துவத்தின் முகம் மாறியது. விடுதிக்கு உள்ளேயே மடிய வேண்டியவர்கள் வீடு திரும்பினார்கள். மலேசியாவிலும் அந்தக் காற்று வீசியது. தஞ்சோங் ரம்புத்தான் விடுதிக்கு 1971-இல் 'பஹாகியா' என்று பெயர் சூட்டப்பட்டது. மகிழ்ச்சி என்று பொருள்படும் அந்தப் பெயர் மாற்றத்துக்கு முன்னின்றவர் டான்ஸ்ரீ டாக்டர் எம். மகாதேவன் என்ற மனநல மருத்துவர். பெயரை மாற்றினால் பழியும் மாறும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

ஆக, மாத்திரை நமக்குச் செய்த நன்மை பெரிது. அதை மறந்துவிட்டு மருந்தைக் குறைப்பது பற்றிப் பேசுவது நன்றி மறப்பதாகும்.

ஏறத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை

மருந்தை எப்படித் தொடங்குவது என்று ஆயிரக்கணக்கில் ஆய்வுகள் நடந்தன. எப்படி நிறுத்துவது என்று பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இத்தனைக்கும் எச்சரிக்கை மணி தொடக்கத்திலேயே ஒலித்தது. இமிப்ரமினைத் திடீரென நிறுத்தியவர்களுக்குக் குமட்டல், தலைவலி, நடுக்கம் வந்ததை மருத்துவர்கள் 1959-இலேயே பதிவு செய்தார்கள். லிப்ரியம் விற்பனைக்கு வந்த மறு ஆண்டே, அதாவது 1961-இல், அமெரிக்காவில் ஹாலிஸ்டர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதிக அளவில் மாதக்கணக்கில் அந்த மருந்தை உண்ட 11 பேருக்கு அதைச் சட்டென்று நிறுத்தியபோது, 10 பேருக்குப் புதிய தொல்லைகள் தோன்றின. இருவருக்கு வலிப்பே வந்துவிட்டது.

அப்படியிருந்தும் அடுத்த இருபது ஆண்டுகள் வேலியம் வகை மாத்திரைகள் உலகெங்கும் மிட்டாய்போல் எழுதிக் கொடுக்கப்பட்டன. நிறுத்த முடியாமல் தவித்தவர்களைப் பார்த்து, "உங்கள் பழைய பதற்றம்தான் திரும்பியிருக்கிறது" என்றார்கள்.

இந்தச் சுவரை உடைத்தவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் பணியாற்றிய பேராசிரியை ஹெதர் ஆஷ்டன். 1982 முதல் 1994 வரை, தூக்க மாத்திரையிலிருந்து விடுபட விரும்புவோருக்காகவே அவர் ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்தினார். நோயாளிகள் சொன்னதை அவர் நம்பினார்; அதுதான் அவர் செய்த முதல் வேலை. சட்டென்று நிறுத்தாமல், நெடுநேரம் உடலில் தங்கும் மருந்துக்கு மாற்றி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்கும் முறையை வகுத்தார். 1999-இல் அவர் எழுதிய கையேடு பல மொழிகளுக்குப் போனது. இதற்கிடையில், 1988-இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு இவ்வகை மாத்திரைகளை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் தர வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஆஷ்டன் 2019-இல் மறைந்தார்.

மனச்சோர்வு மாத்திரைகளின் கதையும் இதே வழியில்தான் நடந்தது. 1987-இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புரோசாக் மாத்திரையும் அதன் பின் வந்த உறவு மாத்திரைகளும் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தன. நிறுத்தும்போது வரும் தொல்லை இலேசானது, ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும் என்று பிரிட்டனின் அரசு வழிகாட்டி 2004-இல் சொன்னது. நோயாளிகளின் அனுபவம் வேறாக இருந்தது. 2019-இல்தான் அந்நாட்டு மனநல மருத்துவர் கழகம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. சிலருக்கு இத்தொல்லை கடுமையாகவும் நீண்ட நாள் நீடிப்பதாகவும் இருக்கும் என்று ஒப்புக்கொண்டது.

கடைசிப் படியில்தான் கவனம்

அதே 2019-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, பலர் தவறி விழும் இடத்தைக் காட்டியது. எழுதியவர்கள் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர். ஹோரோவிட்ஸ் தாமே மனச்சோர்வு மாத்திரை உண்டு, அதை விட முயன்று துன்பப்பட்ட மருத்துவர்.

அவர்கள் சொன்னது இதுதான். சிட்டலோபிராம் என்ற மாத்திரையை 20 மில்லிகிராம் உண்டால், மூளையில் அது பற்ற வேண்டிய இடங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் பற்றிக்கொள்கிறது. அளவை ஏறத்தாழப் பாதியாக, 9 மில்லிகிராமுக்குக் குறைத்தாலும் 70 விழுக்காடு பிடி இருக்கிறது. 5 மில்லிகிராமை ஒட்டி வந்தாலும் 60 விழுக்காடு. அங்கிருந்து பூஜ்ஜியத்துக்கு ஒரே தாவல் தாவினால்? அந்த 60 விழுக்காடும் ஒரே நாளில் போய்விடுகிறது.

பாதி மாத்திரை, பிறகு கால் மாத்திரை, பிறகு ஒன்றுமில்லை என்று நிறுத்துகிறவர்கள், "கால் மாத்திரைதானே, அதில் என்ன இருக்கிறது?" என்று எண்ணுகிறார்கள். உண்மையில் கடைசிக் கால் பகுதிதான் செங்குத்தான இறக்கம். எனவே அளவு குறையக் குறைய, படிகளும் சிறிதாக வேண்டும். சிலருக்குக் கடைசி அளவு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே இருக்க நேரலாம். அதற்குச் சில மருந்துகள் திரவ வடிவில் உள்ளன. நெதர்லாந்தில் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக அளவு குறையும் மாத்திரைப் பட்டைகளையே தயாரித்தார்கள். 2024-இல் இந்த இருவரும் இம்முறைகளை ஒரு முழு வழிகாட்டி நூலாக வெளியிட்டனர்.

தாப்பா சாலையில் லாரி ஓட்டியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு வண்டியை உருள விடுபவர் எவரும் இல்லை. சின்னக் கியரில், வளைவுக்கு வளைவு நிதானித்துத்தான் இறங்க வேண்டும்.

நோய் திரும்புகிறதா, உடல் தவிக்கிறதா?

மருந்தைக் குறைக்கும்போது வரும் எல்லாத் தொல்லையும் நோய் திரும்பியதன் அடையாளம் ஆகாது. எல்லாமே மருந்தை விட்ட தவிப்பும் ஆகாது. இரண்டையும் பிரித்தறிவதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது. குடும்பத்தாரும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது.

மருந்தை விட்ட தவிப்பு பெரும்பாலும் சில நாட்களிலேயே தொடங்கும். தலைச்சுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற அதிர்வு, வியர்வை, பயங்கரக் கனவு என்று முன்பு இல்லாத உடல் தொல்லைகள் அதில் இருக்கும். பழைய அளவைத் திரும்பக் கொடுத்தால் விரைவில் அடங்கும். நோய் திரும்புவது பெரும்பாலும் மெதுவாக, வாரங்களோ மாதங்களோ கழித்து, முன்பு வந்த அதே முகத்துடன் வரும்.

எத்தனை பேருக்கு இந்தத் தவிப்பு வருகிறது? 2024-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்குத் தொல்லை இருந்தது. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினர் அதையே சொன்னார்கள். ஆக, மருந்தினால் மட்டுமே வந்த தவிப்பு ஆறேழு பேரில் ஒருவருக்கு. கடுமையான தவிப்பு 35 பேரில் ஒருவருக்கு. ஆண்டுக்கணக்கில் உண்டவர்களிடம் இது இன்னும் அதிகமாக இருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு.

யாருக்குக் குறைக்கலாம்?

இந்த இடத்தில் ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. அதை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட காலம் மனச்சோர்வு மாத்திரை உண்டு, நலமாக இருந்து, நிறுத்தலாம் என்று எண்ணிய 478 பேர் கலந்துகொண்டனர். ஓராண்டு முடிவில், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. நிறுத்தியவர்களில் 100-க்கு 44 பேர் நலமாகவே இருந்தார்கள் என்பதும் உண்மை.

மனச்சிதைவு போன்ற கடும் நோய்களில் கணக்கு இன்னும் சிக்கலானது. நெதர்லாந்தில் முதல் முறை நோய் கண்ட 103 பேரை ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் மருந்தைக் கவனமாகக் குறைத்த பிரிவில் 40 விழுக்காட்டினர் முழு வாழ்வுக்குத் திரும்பியிருந்தனர். அதே அளவில் தொடர்ந்த பிரிவில் 18 விழுக்காட்டினர் மட்டுமே. 2013-இல் வெளியான இந்த முடிவு பெரும் நம்பிக்கை ஊட்டியது. ஆனால், நெடுங்கால நோயாளிகள் 253 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஆய்வு 2023-இல் வேறு பாடம் சொன்னது. மருந்தைக் குறைத்தவர்களின் அன்றாட வாழ்வு இரண்டு ஆண்டுகளில் முன்னேறவில்லை. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் திரும்பியதும் அவர்களிடம்தான் அதிகம்.

எனவே எல்லாருக்கும் ஒரே விடை கிடையாது. முதல் முறை மனச்சோர்வு வந்து தெளிந்து நீண்ட நாள் நலமாக இருப்பவர் ஒரு வகை. பல முறை நோய் திரும்பியவர், உயிரை மாய்க்க முயன்றவர் இன்னொரு வகை. சிலருக்கு முழுவதும் நிறுத்துவது இலக்காகலாம். சிலருக்குப் பாதியாகக் குறைத்துப் பகல் மயக்கத்தைப் போக்குவதே பெரிய வெற்றி. சிலருக்குத் தொடர்வதே நல்லது. தொடர்ந்து மருந்து உண்பதில் தோல்வியோ வெட்கமோ இல்லை. சர்க்கரை நோய்க்காரர் யாரும் இன்சுலினுக்கு வெட்கப்படுவதில்லையே!

வள்ளுவர் சொன்ன நான்கு பங்கு

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். இன்று 'முழுமையான சிகிச்சை' என்று புதிதாகச் சொல்லப்படுவதன் சாரம் இதுதான். மருந்து என்ற பங்கு குறைய வேண்டுமானால் மற்ற மூன்று பங்கும் கூட வேண்டும்.

இதை நடைமுறையில் காட்டியவர்கள் இந்தியாவில் உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்க வைத்தார். அதே பத்தாண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் நோயாளியுடன் உறவினரும் தங்கும் முறையைத் தொடங்கியது. பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியே விடப்படுபவரைவிட, தாயோ தம்பியோ பக்கத்தில் இருப்பவர் விரைவில் வீடு திரும்புகிறார் என்பதை அவர்கள் கண்டார்கள்.

கோயில் வழிபாட்டுக்கும் ஒரு சான்று உண்டு. தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரில் முத்துசாமி கோயிலுக்கு மனநோயாளிகளை அழைத்து வந்து தங்க வைப்பது வழக்கம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அங்கு தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டனர். சராசரி ஆறு வாரத் தங்கலில் நோயின் கடுமை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே மந்திரச் சடங்கோ அடியோ கிடையாது. காலையில் சிறு பூசை, கோயிலைக் கூட்டுதல், செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல், கூடவே ஓர் உறவினர். அவ்வளவுதான்.

இதைக் கேட்டுவிட்டு, "மருந்தே வேண்டாம், கோயில் போதும்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலை, அதே தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட வழியின்றிக் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. அவர்களும் குணம் தேடித் தர்காவை நம்பி வந்தவர்களே. தர்காவோ வழிபாடோ அவர்களைக் கொல்லவில்லை. மருத்துவர் இல்லை, உறவினர் இல்லை, சங்கிலி மட்டும் இருந்தது. நான்கு பங்கில் மூன்று பங்கு இல்லாமல் போனதன் விலை அது.

யோகாவும் அப்படியே. நிம்ஹான்ஸ் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் மனச்சிதைவு நோயாளிகள் 61 பேர் பங்கு பெற்றனர். யோகா செய்தவர்கள், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் கூடுதலாகத் தேறினர். ஆனால், அவர்களுக்கு யோகா கற்பிக்கப்பட்டது மருந்துடன் சேர்த்துத்தான், மருந்துக்கு மாற்றாக அல்ல.

பச்சிலையிலும் பத்தியத்திலும் கவனம்

'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் காவலைத் தளர்த்திவிடுகிறோம். முன்னே சொன்ன சர்ப்பகந்தா மருந்தை உண்ட சிலருக்கு மனச்சோர்வு கூடியதை மருத்துவர்கள் பின்னாளில் கண்டார்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் இருந்தன. மலேசியாவில் பாரம்பரிய மருத்துவத்துக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. இந்திய மரபு மருத்துவமும் அதில் அங்கீகரிக்கப்பட்டுள்ளது. பதிவு பெற்றவரிடம் போவதும், உண்ணும் ஆங்கில மருந்தை அவரிடம் சொல்வதும், அவர் தந்ததை மருத்துவரிடம் சொல்வதும் கட்டாயம்.

நம் வழக்கத்தில் உள்ள இன்னொரு விஷயம் விரதம். தைப்பூசத்துக்கு விரதம் இருப்போரில் லித்தியம் உண்பவர் இருந்தால் அவர் கவனிக்க வேண்டும். உப்பில்லாத பத்தியத்திலும், தண்ணீர் குறைந்து வியர்வை பெருகும்போதும், லித்தியம் உடலிலேயே தேங்கி நஞ்சாகலாம். விரதத்தை விட வேண்டியதில்லை. முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். அதுபோல, சிகரெட்டைத் திடீரென விட்டால் குளோசபின், ஒலான்சபின் ஆகிய மருந்துகளின் அளவு இரத்தத்தில் ஏறும். புகையை விடுவது நல்ல செயலே; மருத்துவருக்குத் தெரிந்து விட வேண்டும்.

மலையில் வாழ்வோர் செய்ய வேண்டியது

இன்று மலைவாசிகள் எல்லாவற்றுக்கும் தஞ்சோங் ரம்புத்தான் போக வேண்டியதில்லை. தானா ராத்தாவிலேயே சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. 2015 முதல் நாட்டின் பல இடங்களில் 'மெந்தாரி' என்ற சமூக மனநல மையங்கள் திறக்கப்பட்டன. உயிரை மாய்க்க முயல்வது குற்றம் என்ற சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. இவ்வளவுக்கும் நடுவே, தேசிய சுகாதார ஆய்வின்படி மனச்சோர்வு 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்து, 2023-இல் 4.6 விழுக்காடாக உயர்ந்தது. மாத்திரை உண்போர் இனி கூடுவார்கள். இறங்கும் வழியை அறிய வேண்டியவர்களும் கூடுவார்கள்.

அவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, மருந்து தீர்ந்துபோவதும் திடீர் நிறுத்தமே. ஒரு நாள் கூலி போகிறதே, மழையாக இருக்கிறதே என்று மருத்துவமனை நாளைத் தள்ளிப் போடுவதால் பலருக்கு மருந்து நின்றுபோகிறது. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகைகளில் இதனால் வலிப்பே வரலாம். குளோசபினில் நோய் பாய்ந்து திரும்பலாம்.

இரண்டாவது, காலம் பார்க்க வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்பவர், வறட்சியில் வாடி நிற்கும் செடியில் கத்தி வைப்பதில்லை. வேர் வலுவாக இருக்கும் பருவம் பார்த்து வெட்டுகிறார். சில தோட்டங்களில் செடி மூச்சு விட ஓரிரு இலைக் கிளைகளை வெட்டாமல் விடுவதும் உண்டு. வீட்டில் சாவு, கடன், வேலை இழப்பு, தேர்வு என்று இருக்கும் காலத்தில் மருந்தில் கை வைக்க வேண்டாம். உறக்கம், உணவு, வேலை, உறவு ஆகியவை சீராக உள்ள காலமே ஏற்றது.

மூன்றாவது, மருத்துவரிடம் நேராகக் கேட்க வேண்டும். "எனக்கு இந்த மருந்து எதற்கு? இன்னும் எவ்வளவு காலம்? குறைக்க முடியுமா?" இந்த மூன்று கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டுமே குறைக்க வேண்டும். குறைத்த பிறகு சில வாரம் நின்று பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்பது குறைப்பதாகாது. பல மருந்துகளில் அது உடலை ஏற்றி இறக்கி அலைக்கழிக்கும். எல்லா மாத்திரையையும் உடைக்கவும் கூடாது. மெல்லக் கரையும் மாத்திரைகளை உடைத்தால் மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, அளவு, உறக்கம், மனநிலை ஆகிய நான்கையும் எழுதி வந்தால், எந்தப் படியில் தொல்லை தொடங்கியது என்று மருத்துவர் உடனே காண்பார். தொல்லை மிகுந்தால் முந்தைய அளவுக்கு ஒரு படி திரும்புவது பின்வாங்கல் ஆகாது.

ஐந்தாவது, கவனிக்கும் ஒருவர். உறக்கம் குறைவது, பேச்சு மாறுவது, சந்தேகம் கூடுவது போன்றவற்றை நோயாளிக்கு முன்பே காண்பவர் வீட்டில் உள்ளவர்தான். அவருக்கு நோயாளியே முன்கூட்டி அனுமதி தந்திருக்க வேண்டும்: "நான் மறுத்தாலும் என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போ." வலிப்பு, குழப்பம், காதில் குரல் கேட்பது, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை வந்தால் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி எண் 15555.

விருந்து மூன்று நாளோடு முடியட்டும். மனநோய்க்கான மருந்தின் நாளை எண்ண வேண்டியது பழமொழியல்ல. பக்கத்து வீட்டாரும் அல்ல. நோயாளியும், மருத்துவரும், கவனிப்பவரும் ஒன்றாக அமர்ந்து எண்ண வேண்டிய கணக்கு அது. அவர்கள் குறைக்கலாம் என்று முடிவு செய்தால், அவசரமின்றி மெல்ல இறங்கட்டும். தொடரலாம் என்று முடிவு செய்தால், தலை நிமிர்ந்து தொடரட்டும். யாரிடமும் கேட்காமல் அலமாரி மூலைக்குப் போகும் மாத்திரைப் பொட்டலம்தான் ஆபத்து. இன்று வீட்டில் யாராவது மாத்திரை உண்கிறார் என்றால், அவரிடம் அன்போடு ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம்: அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது கூட வரட்டுமா?